பாண்டிக்குப் போனேன்... கிங்ஃபிஷர் பார்க்க!

"சார், சனிக்கிழமை ஒரு நாள் லீவு வேணும். பாண்டிச்சேரி போறேன்."

இதைச் சொன்னதுதான் தாமதம். எங்கள் செக்‌ஷன் மொத்தமும் ஃபைலை மூடி வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டது.

"எதுக்கு?" என்றார் சூப்பரின்டென்டென்ட்.

"பறவை பார்க்க, சார்."

இரண்டு விநாடி மௌனம். அப்புறம் கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்: "எந்தப் பறவை? கிங்ஃபிஷரா?"

அவ்வளவுதான். சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆயிற்று. "ஜில்லுனு இருக்கிற பறவையா பாத்துப் புடிச்சிட்டு வா", "செக்போஸ்ட்ல பறவையைப் பறக்க விட்டுடாதே" என்று ஆளுக்கொரு பேச்சு. லீவு மட்டும் உடனே சாங்ஷன் ஆகிவிட்டது. தாத்தா செத்துப்போனதற்குக்கூட இத்தனை வேகத்தில் லீவு கிடைத்ததில்லை!

தமிழ்நாட்டில் ஆண் பிள்ளையாகப் பிறந்தவன் பாண்டிச்சேரி போகிறேன் என்று சொல்லி நல்ல பேர் வாங்கவே முடியாது. ஆசிரமம் என்றாலும் சிரிப்பார்கள், மணக்குள விநாயகர் என்றாலும் சிரிப்பார்கள்.

ஆனால் ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் சொன்னதும் பாதிப் பொய்தான். நான் போனது பறவை பார்க்க மட்டுமல்ல. மனை பார்க்க.

மின்சார ரயிலில் கையில் திணித்த நோட்டீஸ் அது. 'ஏரிக்காற்று... பறவைகளின் கீதம்... உங்கள் கனவு இல்லம்!' என்று போட்டு, நீலத் தண்ணீர் மேல் வெள்ளைக் கொக்கு ஒன்று பறந்தது. கீழே: 'புதுச்சேரி ஊசுட்டேரி பறவைகள் சரணாலயத்துக்கு மிக அருகில். பத்தாயிரம் டோக்கன் அட்வான்ஸ்.' வீட்டில் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார்கள். தினமும் தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கொக்கு என்னைப் பார்த்தது. பிராவிடண்ட் ஃபண்டில் லோன் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்த அன்றைக்கே நான் கவிழ்ந்துவிட்டேன்.

என் தாய்மாமா வில்லியனூர்க்காரர். ஏரியைப் பற்றி அவரைவிட வேறு யாரைக் கேட்பது? ஒரு தை மாதத்து வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன்.

* * *

வில்லியனூர், புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் இருக்கிறது. திருக்காமீசுவரர் கோயில் தேருக்குப் பேர் போன ஊர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்தாராம். அந்த வழக்கம் விட்டுப்போகாமல் இப்போதும் துணைநிலை கவர்னர் வந்து இழுக்கிறார். (தமிழ்நாட்டில் ஒரு வி.ஐ.பி. எதையாவது இழுத்து நான் பார்த்ததில்லை.)

மாமாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பாண்டிச்சேரியில் ஒரு காலத்தில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. அதில் ஒன்றில் முப்பது வருஷம் நெசவுப் பிரிவில் இருந்தவர். எட்டு மணி நேர வேலைக்கும் சங்கத்துக்கும் போராடி, 1936 ஜூலை 30-ஆம் தேதி பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்த ஊர் அது. அந்தத் தேதியை மாமா சொந்தப் பிறந்த நாள் மாதிரிச் சொல்வார். 1898-இல் ஆரம்பித்த ஏ.எஃப்.டி. மில்லும் 2020-இல் மூடியாகிவிட்டது. இப்போது ஊரில் சங்கு ஊதுவதில்லை. ஆனால் மாமா மட்டும் முதல் ஷிஃப்ட்டுக்கு எழுந்திருக்கிற மாதிரியே நாலரைக்கு எழுந்துவிடுகிறார்.

"எந்திரிடா மாப்ளே! ஏரிக்குப் போனா அஞ்சரைக்கெல்லாம் கரையில நிக்கணும். வெயில் வந்தப்புறம் போனா பறவை இருக்காது, போட்டோ எடுக்கிற பசங்கதான் இருப்பானுங்க."

அத்தை கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு மாமாவின் டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் உட்கார்ந்தேன். கூடப்பாக்கம் போகிற ரோடு. வழியில் பத்துக்கண்ணு என்று ஒரு நாற்சந்தி. மதகுக்கும் பாலத்துக்கும் தண்ணீர் போகிற வழியைக் 'கண்' என்று சொல்வது நம் ஊர் வழக்கம். ஏரிக்குப் பக்கத்தில் ஊர்ப் பேர்கூடக் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருக்கிறது.

கரை மேல் ஏறினோம். இருட்டும் பனியும் கலந்து ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முந்தின நேரத்தில் ஒரு இரைச்சல் இருக்குமே, அது மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தபோது தண்ணீர் தெரிந்தது. அப்புறம் தண்ணீர் மேல் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக... ஏதோ பாசி என்று நினைத்தேன்.

"பாசி இல்லடா. எல்லாம் நாமக்கோழி."

அடேயப்பா! கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் நாமக்கோழி. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு நாமம். ஐயங்கார் வக்கீல் கறுப்புக் கோட்டுடன் கோர்ட்டுக்குப் போகிற மாதிரி. எங்கேயோ ஒரு பருந்து வட்டம் போட்டது. உடனே அத்தனையும் தண்ணீர் மேல் ஓட ஆரம்பித்தன. பறக்கவில்லை, ஓடின! சாயந்திரம் அஞ்சரைக்குத் தாம்பரம் வண்டி கிளம்பும்போது கோட்டை ஸ்டேஷன் படிக்கட்டில் நாம் ஓடுவோமே, அதே ஓட்டம்.

என்னிடம் ஒரு பைனாகுலர் இருந்தது. ஆபீஸ் நண்பர் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்க வாங்கியது. வலது கண்ணில் பூஞ்சை. ஆகையால் எல்லாப் பறவைகளையும் இடது கண்ணால் மட்டுமே பார்த்தேன். மாமா வெறுங்கண்ணால் பார்த்து எனக்கு முன்னால் பேரைச் சொன்னார்.

ஏரியின் நடுவே நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீரில் முழங்கால் அளவு நிற்கின்றன. அதில் பாம்புத்தாரா. கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்போது நிஜமாகவே பாம்பு நீந்துகிறதோ என்று பயமாக இருந்தது. முங்கி மீனைக் குத்தித் தூக்கிப்போட்டு வாயில் வாங்கியது. அப்புறம் மரத்தில் ஏறி, இரண்டு சிறகையும் விரித்துக் காயப்போட்டுக்கொண்டு நின்றது. வேட்டி காய்கிற வரைக்கும் குளத்தங்கரையில் நிற்கிற ஆசாமி போல! நீர்க்காகமும் அப்படியே. இந்த மரங்களில்தான் அரிவாள்மூக்கன் வகையறாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மரம் போனால் கூடு போச்சு.

கூழைக்கடா ஒன்று வந்து இறங்கியது. ஏரோப்ளேன் இறங்குவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. காலை முன்னால் நீட்டி, தண்ணீரைக் கிழித்து, நின்று, பையை ஒருமுறை ஆட்டி, 'யார் யார் வந்தாச்சு?' என்று பார்த்தது. பத்து மணிக்கு வருகை ரிஜிஸ்டரை எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிற ஹெட்கிளார்க்கின் பார்வை.

ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, நீலச்சிறகி. இவை எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். சைபீரியா, மத்திய ஆசியா என்று பனி உறைகிற தேசங்களிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வந்து, வெயில் ஏறினதும் பங்குனிக்குள் திரும்பிவிடும். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. நமக்குக் கோடம்பாக்கத்திலிருந்து வில்லியனூர் வர லீவு லெட்டர் வேண்டியிருக்கிறது.

கரண்ட் கம்பியில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. மார்பு வெள்ளை, முதுகு பளீர் நீலம், மூக்கு சிவப்பு. சட்டென்று விழுந்து, ஒரு மீனுடன் திரும்பிக் கம்பிக்கு வந்தது.

"மீன்கொத்தி" என்றார் மாமா.

கிங்ஃபிஷர்! சத்தியமாகப் பார்த்துவிட்டேன். ஆபீஸில் யார் நம்பப் போகிறார்கள்?

* * *

இந்த ஏரி சுமார் 800 ஹெக்டேர். புதுச்சேரி பிரதேசத்தில் இதுதான் பெரிய ஏரி. ஆனால் முழுக்கப் புதுச்சேரிக்குச் சொந்தமில்லை! பாதிக்கு மேல் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் சண்டை போட்டு, சமாதானமாகி, ஊர் ஊராகப் பிய்த்துப் பங்கு போட்டுக்கொண்டதில் ஏரி நடுவிலேயே கோடு போய்விட்டது. இன்றைக்கும் வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் போனால் நாலு கிலோமீட்டருக்குள் இரண்டு தடவை மாநிலம் மாறுகிறது. செல்போனில் 'நல்வரவு' மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது.

2008-இல் புதுச்சேரி அரசு தன் பக்கத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சில வருஷம் கழித்துத் தமிழ்நாடும் தன் பக்கத்தை அறிவித்தது. அதாவது நாமக்கோழி இந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு சரணாலயம், பத்தடி நீந்தினால் இன்னொரு சரணாலயம்.

"இயற்கை எவ்வளவு அழகா ஏரியைப் படைச்சிருக்கு, பாருங்க மாமா" என்றேன்.

மாமா என்னைப் பார்த்த பார்வையில், நோட்டீஸிலிருந்த கொக்கே செத்திருக்கும்.

"இயற்கையா? நீ நிக்கிறியே, இந்தக் கரை, இது என்ன, தானா முளைச்சுதா? கூடை கூடையா மண்ணு சுமந்து கொட்டினது. தண்ணி எங்கேர்ந்து வருது தெரியுமா?"

தெரியாது. சொன்னார். செஞ்சிப் பக்கத்திலிருந்து வருகிற சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. மேலே வீடூர் அணை, 1959-இல் கட்டியது. வாய்க்கால், வரத்து, கரை, மதகு, மிஞ்சினது வெளியே போகக் கலங்கல், மதகுக்குக் கீழே கிளைக் கால்வாய்கள், அதற்குக் கீழே கழனிகள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று முறை. திறந்துவிட ஓர் ஆள், அவருக்குக் களத்து மேட்டில் நெல்லாகக் கூலி.

"மில்லுல என்ன உண்டோ அதெல்லாம் இங்கேயும் உண்டு. ஷிஃப்ட்டு உண்டு, மேஸ்திரி உண்டு, சண்டை உண்டு. பஞ்சுக்குப் பதிலா தண்ணி உள்ள வரும், துணிக்குப் பதிலா நெல்லு வெளிய போகும். இது ஒரு ஃபேக்டரிடா. எங்க மில்லுக்கு நூறு வருஷம். இதுக்கு எத்தனை நூறோ!"

புதுச்சேரி பிரதேசத்தில் இப்படி 84 ஏரிகள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாசன விவசாயிகளே சங்கமாகச் சேர்ந்து, பொதுவில் பணம் போட்டு, வாய்க்கால் தூர் வாரிக்கொண்டார்கள். அப்புறம் போர்வெல் வந்தது. பம்ப்செட்டுக்குக் கரண்ட் வந்தது. தன் வயலிலேயே பட்டனைத் தட்டினால் தண்ணீர் கொட்டும்போது, ஊரோடு சேர்ந்து மண்வெட்டி தூக்க யார் போவார்கள்? சங்கம் போயிற்று, தூர் வாருகிறது போயிற்று. போர்வெல்லும் ஆழம் போய்க்கொண்டே இருந்தது. கடலோரத்தில் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறியது. ஐரோப்பிய யூனியன் பண உதவியில் 1999 முதல் கொஞ்ச வருஷம் ஏரிகளைச் சீர்படுத்திப் பார்த்தார்கள். ஏரி சீரானது. கழனி திரும்பி வரவில்லை.

வடக்கே சேதராப்பட்டு தொழிற்பேட்டை, கிழக்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, கரையை ஒட்டின ரோட்டில் மருத்துவக் கல்லூரி. நடுவில் ஏரி. இப்போது ஊசுட்டேரியில் பாய்கிற வயல் கொஞ்சம்தான்.

என் பொது அறிவைக் காட்ட இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன். லண்டனில் பார்ன்ஸ் என்ற இடத்தில் விக்டோரியா ராணி காலத்துக் குடிநீர்த் தேக்கங்கள் நான்கு இருந்தன. உபயோகம் தீர்ந்துபோனதும் கான்கிரீட்டை உடைத்துத் தாழ்வும் மேடுமாகச் செய்து, நாணல் நட்டு, 2000-இல் ஈரநிலப் பூங்காவாகத் திறந்தார்கள். இன்றைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். சிங்கப்பூரில் சுங்கை பூலோ, ஒரு காலத்தில் இறால் பண்ணைகள். 1993-இல் இயற்கைப் பூங்காவாயிற்று. ஏன், நம் பள்ளிக்கரணை? ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு புகைந்தபடியே இருக்க, 2022-இல் ராம்சர் என்ற உலகப் பட்டியலில் ஏறிவிட்டது.

மாமா பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் வேலையை மூடினப்புறம் பறவைக்குக் குடுத்தது. இங்க வேலை நடந்ததாலதான்டா பறவையே வந்துச்சு. நாங்க நெல்லுக்காகத் தண்ணி கட்டினோம், அதுங்க பாட்டுக்கு வந்து இருந்துச்சுங்க. அறுப்பு முடிஞ்ச வயல்ல உள்ளான் மேயும், சேத்துல நத்தைகுத்தி நிக்கும். இப்ப ஏரிக்கு வி.ஆர்.எஸ். குடுத்துட்டு, மாலை போட்டு, சரணாலயம்னு போர்டு மாட்டியிருக்கானுங்க. எங்களுக்கும் மில்லுல சால்வை போட்டானுங்க."

சால்வையை இப்போதும் பெட்டியில் வைத்திருப்பதாக அத்தை அப்புறம் சொன்னாள்.

எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை. போர்டு மாட்டியதால்தானே ஏரி பிளாட் ஆகாமல் தப்பித்தது? முன்பு இங்கே வாத்து வேட்டை சகஜமாக நடந்தது, இப்போது துப்பாக்கியுடன் வந்தால் கேஸ். அதைச் சொன்னேன். "அது சரிதான்" என்று ஒப்புக்கொண்டார். மாமா ஒப்புக்கொள்வது அபூர்வம் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

* * *

ஒன்பது மணிக்கு மனைக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளைக் கார். கொக்கேதான்!

"சார், பறவையெல்லாம் பார்த்தீங்களா? வீட்டு மாடியிலேர்ந்தே பார்க்கலாம் சார். தண்ணி பதினஞ்சு அடியில. காற்று பாருங்க!"

காற்று நன்றாகத்தான் இருந்தது. சிமென்ட் ரோடு, இரண்டு பக்கமும் கொடி, 'நகர்' என்று வளைவு. மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசை வரிசையாக நட்டிருந்தன. பன்னிரண்டாம் நம்பர் மனை, கார்னர். 1,200 சதுர அடி. என் மனசில் ஹால் இங்கே, கிச்சன் அங்கே என்று கட்டடம் எழும்பத் தொடங்கிவிட்டது. ரோடு ஓரத்தில் ஓர் அகலமான பள்ளம் புல் மண்டிக் கிடந்தது.

"மழைத்தண்ணி போறதுக்கு டிரெயினேஜ், சார்" என்றார் மனைக்காரர்.

மாமா அதுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பள்ளத்தின் ஓரமாகவே நடந்துபோய் ஓர் இடத்தில் நின்றார். செருப்பைக் கழற்றினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு மஞ்சள் கல்லுக்குப் பக்கத்து மண்ணைக் கிள்ளி எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மாப்ளே, இங்க வா."

போனேன்.

"இது டிரெயினேஜ் இல்லை. ரெண்டாவது மதகோட கிளை வாய்க்கால். அந்தா அந்த வளைவு இருக்கு பாரு, அங்க ஒரு பூவரச மரம். இந்தப் பக்கம் நம்ம நாத்தங்கால். உங்கம்மா சின்னப் பொண்ணா இருக்கும்போது இந்த வாய்க்கால்லதான் விழுந்து, நான் முடியைப் புடிச்சுத் தூக்கினேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் பத்தாயிரம் டோக்கன் கொடுக்க வந்தது மாமாவின் கழனிக்கு!

அரைக் காணி. நைட் ஷிஃப்ட் முடித்துச் சைக்கிளில் வந்து, தண்ணீர் முறைக்கு நின்று, அப்புறம் தூங்கப் போவாராம். போர் வற்றினது, பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது, விற்றார். வாங்கினவர் இன்னொருவருக்கு விற்று, அவர் இன்னொருவருக்கு விற்று, நாலாவது கை இந்த வெள்ளைச் சட்டை.

"வருத்தமா இல்லையா மாமா?"

"வருத்தம்தான்... மூணு வருஷம் பொறுத்து வித்திருந்தா அஞ்சு மடங்கு வந்திருக்கும்!"

சிரித்துவிட்டு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அப்புறம் சிரிக்காமல் கேட்டார்: "கரையைப் பாரு. கண்ணுக்கு நேரா இருக்கா, மேல இருக்கா?"

பார்த்தேன். ஏரிக்கரை என் தலைக்கு மேலே இருந்தது. மதகு திறந்தால் தண்ணீர் தானாக ஓடி வரவேண்டும் என்று, நம் முன்னோர்கள் தாழ்வாகப் பார்த்து வைத்த நிலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பதினைந்து அடியில் தண்ணீர் இருக்காதா என்ன?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. புதுச்சேரியில் அதற்கு முன் யாரும் பார்த்திராத மழை. "அன்னிக்கு இங்க எவ்வளவு தண்ணி?" என்று மாமா மனைக்காரரைக் கேட்டார்.

"அது புயல் சார். எப்பவாவது வர்றது."

"வாய்க்கால் எப்பவும் இருக்குதே" என்றார் மாமா.

மனைக்காரர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. அவருக்கும் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கும், அதன் மேல் ஏதாவது நோட்டீஸ் இருக்கும். எங்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். "யோசிச்சுச் சொல்லுங்க சார், கார்னர் நிக்காது" என்றார்.

* * *

"சரி, வேலைக்குப் போற ஏரி ஒண்ணைக் காட்டறேன், வா" என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாமா பாகூருக்கு பஸ் ஏற்றினார். (டி.வி.எஸ். ஐம்பது அவ்வளவு தூரம் எங்கள் இருவரையும் சுமக்க மறுத்துவிட்டது.)

கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதுமே பச்சை. இரண்டு பக்கமும் நெல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். பழைய ஊர். பல்லவ ராஜா நிருபதுங்கன் காலத்திலேயே இங்கே ஒரு கல்லூரி இருந்து, அதற்கு மூன்று கிராமங்களை எழுதி வைத்ததற்குச் செப்பேடு இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு! வாத்தியார்களுக்குச் சம்பளம் நெல்லாக வந்திருக்கும். அரியர்ஸ் வைத்தார்களா என்று தெரியவில்லை.

ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டு. அங்கிருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு தேவதாசிகள் தங்கள் சொத்தைப் போட்டு வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் கதை. கதையோ, நிஜமோ, ராஜா பேரில் ஒன்றும் காணோம், பங்காரி பேர் மட்டும் இன்னமும் பாய்கிறது.

கரையில் ஒரு பெரியவர் மதகுப் பக்கம் மண்வெட்டியுடன் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். முறை தவறித் தண்ணீர் திருப்பிவிட்டானாம். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூடின மில்லில் திடீரென்று சங்கு ஊதியது போல நிமிர்ந்துவிட்டார். அந்தச் சண்டையில் ஒரு தரப்பாகவே சேர்ந்துகொண்டார். பத்து நிமிஷம் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கொக்கு, நாரை, அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி என்று ஓர் இருநூறு உழவு வயலில் டிராக்டருக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன. போர்டு எதுவும் இல்லை. டிக்கெட் இல்லை. டிராக்டர் ஓட்டுகிற பையன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கேயும் எல்லாம் பால் பாயசம் என்று எழுதினால் பொய். அதே ஃபெஞ்சல் சமயத்தில், சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, பாகூர் கொம்யூன் கிராமங்கள் முழுகின. தாளடிக்கு நின்ற பயிர் அழுகியது. "நஷ்டஈடு வந்துதா?" என்று பெரியவரைக் கேட்டேன். "வந்துச்சு. நஷ்டம் முன்னாடியே வந்துட்டுது" என்றார். அவர் மகன் சென்னையில் ஐ.டி. கம்பெனியாம். ரோட்டோர நிலத்துக்கு ஏற்கெனவே ஆட்கள் வந்து விலை கேட்கிறார்களாம். வெள்ளைக் காரில்.

"குடுப்பீங்களா?"

"முட்டி வலி தாங்குற வரைக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். அவர் முட்டியைப் பார்த்தேன். துணி கட்டியிருந்தது.

* * *

ராத்திரி பஸ். மாமா ஸ்டாண்டு வரைக்கும் வந்து, அத்தை கொடுத்த எலுமிச்சை ஊறுகாயைக் கையில் கொடுத்துவிட்டு, "வாங்கறதும் வாங்காததும் உன் இஷ்டம். நான் குறுக்கே நின்னேன்னு உன் வீட்டுல சொல்லிடாதே" என்றார். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஏறி, என் பையைப் பார்த்ததும் கண்ணில் ஒளி. ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்து, ஏமாற்றத்துடன் திருப்பித் தந்தார்.

திண்டிவனம் தாண்டியபோது போன் அடித்தது. மனைக்காரர்.

"சார், என்ன முடிவு பண்ணீங்க? கார்னருக்கு இன்னொரு பார்ட்டி கேக்கறாங்க. உங்களுக்காக வெச்சிருக்கேன்."

வீட்டில் ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜில் கொக்கு. மாமா கிள்ளி எடுத்த மண். வாடகை வீட்டில் வருகிற மாதம் ஆயிரம் ரூபாய் ஏற்றப்போகிறார்கள். எல்லாம் சேர்ந்து வந்தது. சட்டென்று வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"சார், இடம் பிடிச்சிருக்கு. ஒண்ணு செய்யறேன். இன்னொரு தடவை குடும்பத்தோட வந்து பார்த்துட்டு டோக்கன் தர்றேன்."

"தாராளமா வாங்க சார்! எப்ப வர்றீங்க?"

"கார்த்திகையில."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"கார்த்திகையில வேண்டாம் சார்" என்றார் மெதுவாக. "பங்குனி, சித்திரையில வாங்க. அப்பதான் கார் உள்ள வரும்."